கோஸ்தானும் நான்கு எலுமிச்சம்பழங்களும்

1

சிங்கப்பூருக்கு வடக்கே, ஜொகூரின் கூலாயில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தொடங்கினால் உடனே அங்கே ஒரு சிறிய அரசாங்கம் அமைந்துவிடும். பழக்கடைக்காரர் வெளியே வருவார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார். லாட்டரிக் கடை வாசலில் நிற்கும் பெரியவர் ஒரு கையால் வா என்பார், இன்னொரு கையால் நில் என்பார். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே குரலில் சொல்வது ஒரே சொல்: கோஸ்தான்.

வந்த புதிதில் நான் அதைக் கேட்டது என் மைத்துனன் குமாரின் தொழிற்சாலைப் பேருந்துக்குப் பின்னால் நின்றபோது. செனாய் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. "அத்தான், பின்னால நின்னு பாருங்க, கோஸ்தான் போடப் போறேன்" என்றான். ஏதோ சாமான் வைக்கப் போகிறான் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். பேருந்து என்னை நோக்கி வந்தது.

நான் திண்டுக்கல்காரன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் இதே கூத்து நடக்கும். நடத்துநர் பின்பக்கத் தகரத்தைத் தட்டிக்கொண்டே, வரலாம் வரலாம் வா, ஒடிச்சு வா என்பார். சம்பந்தமில்லாத நாலு பேர் சேர்ந்து தட்டுவார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கும். கடைசியில் நடத்துநர் 'ஹோல்டான்' என்று கத்துவார். நிறுத்து, பிடித்துக்கொள் என்ற பொருளில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சொல். அங்கே ஹோல்டான், இங்கே கோஸ்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் இரண்டு தேசங்களில் வாகனங்களுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.

2

சென்னையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். மாலாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவள் பிறந்தது கூலாயை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில். எண்ணெய்ப்பனையை இங்கே செம்பனை என்பார்கள். எனக்கு இங்கே கிடைத்த வேலை ஜொகூர் பாருவில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். சோறு வடிக்கும் மின்சாதனத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்று தமிழில் எழுதுவது. செய்தி எழுதியவனுக்கு இது ஒன்றும் பெரிய மாற்றமில்லை. இரண்டிலும் வாசகர் கடைசிப் பத்தி வரை போவதில்லை.

பழைய தொழில் விட்டுவைத்த ஒரே கெட்ட பழக்கம், எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் ஊர் எது என்று விசாரிப்பது. கோஸ்தானையும் விசாரித்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த மலாய்ச் சகோதரி, அது சீனர்களுடைய சொல், அவர்களுடைய ஹொக்கியன் பேச்சாக இருக்கும் என்றார். கணக்குப் பிரிவிலிருந்த சீனர் சிரித்துவிட்டு, எங்களுடையது இல்லை, லாரி ஓட்டிய தமிழர்கள் கொண்டுவந்தது என்றார். குமார், அது சுத்தமான மலாய் என்று சத்தியம் செய்தான். மலாய் மொழியில் அதற்கு 'உண்டூர்' என்று நல்ல சொல் இருக்கிறதே என்று கேட்டேன். அது பரீட்சைக்கு எழுதுவது, இது காடிக்குச் சொல்வது என்றான். இங்கே காரைக் காடி என்பார்கள்.

உண்மையில் அது ஆங்கிலம். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும்படி மாலுமிக்குத் தரும் கட்டளை 'கோ அஸ்டர்ன்'. அஸ்டர்ன் என்றால் கப்பலின் பின்புறம். துறைமுகத்தில் கூலிவேலை செய்தவர்கள் அதைக் காதால் வாங்கி, வாயால் உருட்டி, கரைக்குக் கொண்டுவந்து மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் மாட்டிவிட்டார்கள் என்கிறார்கள். இன்று ஓர் ஆங்கிலேயரிடம் போய் கோஸ்தான் என்றால் ஏதோ மத்திய ஆசிய நாட்டின் பெயர் என்று நினைப்பார். பெற்றவனுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

இதன் பெரிய இடத்துப் பங்காளி ரிவர்ஸ். லத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திருப்புவது, முன்னால் ஒரு 're' சேர்ந்தால் திரும்பத் திருப்புவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சட்டைத் துணியின் மறுபுறம், நாணயத்தின் மறுபக்கம், மேல்நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றுவது, கடைசியாகக் காரின் ஒரு கியர் என்று பல வேலைகள் பார்த்திருக்கிறது. அதே வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு. நம் வழக்கில் இருக்கும் ஆவர்த்தனம், பரிவர்த்தனை, நிவர்த்தி எல்லாம் அந்தக் குடும்பம். மாலைப் பத்திரிகையில் ராசிபலன் பக்கத்துக்கு நான்தான் பிழை திருத்துவேன். சனி வக்ர நிவர்த்தி அடைகிறார் என்று வரும். சனி இத்தனை நாள் கோஸ்தானில் இருந்தார், இனி முன்னால் போவார் என்று பொருள். அப்போது எனக்குக் கோஸ்தான் தெரியாது.

இன்னொரு பங்காளி ரிவர்ட். அகராதியில் பழைய நிலைக்கே திரும்புவது. இந்த ஊர் அலுவலகங்களில் அதற்குப் பதில் போடுவது என்று பொருள். நம் ஊர் அலுவலகங்களிலும் இதே கதைதான். என் மேலாளர் எல்லா மின்னஞ்சலையும் 'தயவுசெய்து ரிவர்ட் செய்யவும்' என்றே முடிப்பார். ஒருமுறை நான் அதைத் திருத்தி அனுப்பினேன். அவர் என் திருத்தத்தை நீக்கிவிட்டு, பழையபடியே அனுப்பினார். அகராதிப் பொருளில் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது அந்த ஒருமுறைதான்.

3

எங்கள் மகள் நித்யா சிங்கப்பூரில் கணக்காளராக இருந்தாள். ஜொகூரில் பிள்ளை பெற்றவர்களின் கனவு அது. விடியுமுன்னே எழுந்து, எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று, அந்தப் பக்கம் சம்பாதித்து, இருட்டிய பிறகு இந்தப் பக்கம் வந்து தூங்குவது. நல்ல வேலை. மாலா அதைக் கோவில், கல்யாணம், கருமாதி மூன்றிலும் தவறாமல் சொல்லிவந்தாள்.

ஒருநாள் நித்யா வேலையை விட்டுவிட்டேன் என்றாள். விடுமுறைகளில், கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங் பக்கத்துத் தீவுகளில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தோம். இப்போது ஒரு தீவில் இருக்கும் முக்குளிப்புப் பள்ளியில் பயிற்றுநராகச் சேர இடம் கிடைத்திருக்கிறதாம். ஒரு சனிக்கிழமைப் படகில் மற்றவர்களோடு சேர்ந்து போய்ப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அன்று ஏறாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும்.

மாலா அழவில்லை, கத்தவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஊரு உலகத்துப் பிள்ளைங்க எல்லாம் முன்னால போவுதுங்க. நம்ம வீட்டுது கோஸ்தான் போடுது."

நான் அந்தச் சொல்லின் கடல்வழி வரலாற்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் கையில் தோசைக்கல் இருந்தது.

சில நாட்கள் வீட்டில் எல்லாமே மூன்றாம் மனிதர் வழியாக நடந்தன. அம்மாவிடம் சொல்லுங்கள் என்று மகள் என்னிடம் சொல்வாள். மகளிடம் கேளுங்கள் என்று மாலா என்னிடம் கேட்பாள். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். நான் நடுவில் செய்தி நிறுவனம்போல இயங்கினேன்.

கடைசியில் மாலா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். மெர்சிங் போய்வர நித்யா ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தாள். அந்தக் கார் கோவிலில் பூசை போடாமல் கூலாயைத் தாண்டக் கூடாது. நல்ல நாள் பார்த்தாள். பார்த்த எந்த நாளும் சரியில்லை. மிஞ்சியது அதே சனிக்கிழமை காலை. பூசை முடிந்ததும் அப்படியே மெர்சிங் போய்விடலாம் என்று நித்யா ஒத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆனால் மெர்சிங் படகு, கடிகாரத்தைவிட ஆற்று முகத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் கிளம்பும். தண்ணீர் இறங்கிவிட்டால் படகு தரை தட்டும். அன்று காலையே போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

4

கார் பூசை என்பது இங்கே தமிழருக்கும் சீனருக்கும் பொது. சீனர்கள் புது லாரி வாங்கினால் தங்கள் கோவிலில் ஒரு சுற்று, நம் கோவிலில் ஒரு சுற்று. எந்தச் சாமி எந்தச் சாலைக்குப் பொறுப்பு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் இரண்டிடமும் பதிவு செய்துவிடுவது.

எங்கள் கோவிலில் வண்டிப் பாதை ஒருவழி. ஒரு வாசலில் நுழைந்து, சந்நிதிக்கு நேரே நின்று, பூசை முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றி மறுவாசலில் வெளியேற வேண்டும். காரின் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். கற்பூரம், பூசணிக்காய். பிறகு கார் முன்னால் நகர்ந்து பழங்களை நசுக்கிக்கொண்டு போகும். நம் ஊரிலும் இதே முறைதான்.

நாங்கள் நுழைந்தபோது பாதை காலியாக இருந்தது. குமார் தன் காரைச் சாலையில் விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். காரை நிறுத்திவிட்டு அர்ச்சனைக்கு உள்ளே போனோம். மாலா வீட்டில் உள்ளவர்கள், இல்லாதவர்கள், காரின் எண் உள்பட எல்லாருடைய பெயரையும் சொன்னாள். வெளியே வந்து பார்த்தால், காரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு வாழைமரங்கள் குலையோடு நின்றன. இடையில் தென்னங்குருத்துத் தோரணம். அன்று மண்டபத்தில் கல்யாணம். மண்டபத்து வாசலில் வாழை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியவர்களுக்கு வாசல் எது, வண்டிப் பாதை எது என்ற குழப்பம் ஏதும் இல்லை. இரண்டும் அங்கே ஒன்றுதான்.

யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கற்பூரம் எரியும்போது எல்லாரும் கற்பூரத்தைத்தான் பார்ப்பார்கள். குருக்கள் கும்பகோணம் பக்கத்து இளைஞர். வேலை அனுமதி புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடந்து நடந்தே பாதி ஆகமம் மறந்துவிட்டது என்று அவரே சொல்வார். அவர் பழங்களை வைத்தார், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார், எடுக்கலாம் என்றார். நித்யா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். கண்ணாடி முழுக்க வாழைக்குலை.

"எங்க எடுக்கறது?" என்றாள்.

பின்னால் எடுக்கலாம். ஆனால் பின்னால் ஆ செங் என்பவருடைய புதிய காய்கறி வேன், பூசைக்கு மாலையோடு. அதற்குப் பின்னால் கல்யாணத்துக்கு வந்த கார்கள். அவர்களை நகர்த்துவது பெரிய காரியமில்லை. மாலாவை நகர்த்துவதுதான் காரியம்.

"பூசை போட்ட காடி மொத அடி முன்னாலதான் வைக்கணும்" என்றாள் மாலா. கைகளைக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அப்படியானால் வாழைமரத்தைக் கொஞ்சம் ஒதுக்கலாம் என்று குமார் கயிற்றில் கை வைத்தான். கல்யாணப் பெண்ணின் அப்பா ஓடிவந்தார். முத்தையா என்று பெயர், பட்டு வேட்டி, நெற்றி முழுக்க வியர்வை. கட்டிய வாழையை அவிழ்ப்பதா, அதுவும் முகூர்த்தத்துக்கு முன்னாலா, சம்பந்தி வீட்டார் பொந்தியானிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருக்கிறார்கள், இறங்கும்போது அவர்கள் பார்க்கிற முதல் காட்சி வாழை அவிழ்ப்பதாக இருந்தால் என் பெண்ணின் கதி என்ன என்று ஒரே மூச்சில் கேட்டார். மாலா அதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டாள். தன் பக்கமும் நியாயம் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். இருவரும் மிகுந்த மரியாதையோடு ஓரங்குலமும் நகரவில்லை.

குமார் அடுத்த யோசனையைச் சொன்னான். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக் காரைத் தூக்கி, பக்கவாட்டில் வைத்துவிடலாம். கல்யாண வீட்டில் இளைஞர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஜிப்பா போட்டிருந்தார்கள். தூக்கினால் கார் பழத்தை நசுக்காது, அப்போது பூசை பூசையாகுமா என்று மாலா கேட்டாள். ஆ செங் மலாயில் என்ன பிரச்சினை என்று விசாரித்தார். நான் விளக்கினேன். அவர் வெகு கவனமாகக் கேட்டுவிட்டு, தன் வேனுக்கும் இதே பிரச்சினை வருமே என்று கவலைப்பட ஆரம்பித்தார். அதன் பிறகு அவரும் மாலா கட்சி.

குருக்களை நடுவராக்கினோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஆகமத்துல காருக்கு விதி ஏதும் இல்லீங்கம்மா. முன்னாடி போறதுங்கறது வழக்கம்தான்" என்றார்.

"வழக்கம்னா அது போதாதா?" என்றாள் மாலா.

அவர் கற்பூரத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டும் இந்தக் கோவிலில் வேலை பார்க்க வேண்டியவர்.

நான் ஒரு பத்திரிகைக்காரன் செய்யக்கூடியதைச் செய்தேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. மாலா கவலையாக இல்லை. ஒரு வாரமாக வீட்டில் நான் பார்க்காத அமைதி அவள் முகத்தில் இருந்தது. அவள் யாரையும் தடுக்கவில்லை. வாழைமரம் தடுக்கிறது, வழக்கம் தடுக்கிறது, பொந்தியான் சம்பந்திகள் தடுக்கிறார்கள். அவள் வெறுமனே நின்றுகொண்டிருந்தாள். மெர்சிங் ஆற்றில் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பார்த்ததை நித்யாவும் பார்த்திருக்க வேண்டும். கைபேசியில் வந்த ஏதோ செய்தியைப் படித்துவிட்டுக் காரிலிருந்து இறங்கினாள். நேராக அம்மாவிடம் போனாள். பல நாட்களுக்குப் பிறகு நான் நடுவில் இல்லாமல் பேசினார்கள்.

"அம்மா, தண்ணி எறங்குதாம். இப்ப கெளம்புனாத்தான் பிடிக்க முடியும். இன்னிக்கு ஏறலன்னா அந்த இடம் போயிரும். நீங்க போவ வேணாம்னு நெனைச்சா, உங்க வாயால சொல்லிருங்க, நான் நின்னுடறேன். காடி மேல பழியப் போடாதீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். முத்தையா திரும்பி வாழையிலையைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

5

மாலா மகளைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள் என்றே நான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு புடவைத் தலைப்பைச் செருகினாள்.

முன் சக்கரத்தருகே குனிந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். மறுபக்கம் போய் இன்னொன்று. பிறகு பின் சக்கரங்கள். நான்கையும் எடுத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்பக்கம் வைத்தாள். குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு பழம் உருண்டு ஓடியது. அதைப் பிடித்து வந்து, சக்கரத்தோடு சேர்த்து அழுத்தி வைத்தாள்.

குருக்கள் மெதுவாகக் கேட்டார்: "இப்படி ஒரு முறை இருக்குங்களாம்மா?"

"தண்ணிக்குப் போறவங்களுக்குப் பின்னாலதான் வைக்கறது" என்றாள் மாலா. "எங்க எஸ்டேட்டுல அப்படித்தான்."

அந்தத் தோட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளோடு போய்ச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. தண்ணீர் என்று சொல்ல அங்கே இருந்தது முழங்காலளவு ஒரு வாய்க்கால். அதைத் தாண்டி யாரும் வெளிநாடு போனதாகத் தகவலில்லை. குமார் என்னைப் பார்த்தான். நான் குமாரைப் பார்த்தேன். அவன் அதே தோட்டத்தில் பிறந்தவன்.

"ஆமா சாமி, எங்க அப்பா காலத்துலேருந்து" என்றான்.

குருக்கள் மலர்ந்துவிட்டார். புதிதாகக் கற்பூரம் ஏற்றிக் காரின் பின்பக்கத்துக்கும் காட்டினார். பின்விளக்குகளுக்கு இடையே சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முதல் வரியில் சொன்னேன். வரிசையின் கடைசிக் காரிலிருந்து தொடங்கி எல்லாரும் பின்வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஓர் அரசாங்கம் அமைந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடது பக்கம் பொறுப்பேற்றார். முத்தையாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தினார். ஆ செங்கின் வேன் நகர்ந்தது. நித்யா கண்ணாடியைப் பார்த்தபடி ஒரே சீராகப் பின்னால் எடுத்தாள். எல்லைப் பாலத்து நெரிசலில் கற்றுக்கொண்ட நிதானம். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கும் சத்தம் கேட்டது. மாலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாலாவது சத்தமும் கேட்ட பிறகுதான் கார் கதவைத் திறந்து ஏறினாள்.

நாங்கள் சாலைக்கு வந்தபோது பொந்தியான் பேருந்து வாசலில் திரும்பியது. சம்பந்திகள் இறங்கி வாழைமரத்தைப் பார்த்திருப்பார்கள். அது கட்டியபடியே இருந்தது.

6

வழியில் கோத்தா திங்கி என்ற ஊரைத் தாண்டினோம். பிறகு மாலா பையிலிருந்து நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து, பசியாறு என்று மகளிடம் நீட்டினாள். ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு அவளே ஊட்டியும் விட்டாள். எனக்கு நான் கேட்டபோதுதான் கிடைத்தது. குமார் தன் பழைய காரில் பின்னால் வந்தான், எங்களைத் திரும்ப அழைத்துவர.

மெர்சிங் துறையில் படகு நின்றிருந்தது. ஒரு பையை முதுகிலும் ஒன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு நித்யா ஓடினாள். தலைக்கட்டு கட்டிய படகுக்காரர் கைகாட்டி அவசரப்படுத்தினார். ஏறின பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். கார்ச் சாவியைத் தூக்கிப் போட்டாள். குமார் பிடித்தான். துறையருகே வாடகைக்கு இடம் பார்த்துக் காரை விட்டுவிட்டு வருவது அவன் பொறுப்பு.

கயிற்றை அவிழ்த்தார்கள். முன்பக்கத்தில் நின்ற ஆள் பின்னால் பார்த்து, கோஸ்தான், கோஸ்தான் என்று குரல் கொடுத்தார். அத்தனை ஆண்டுகளாகக் காய்கறிச் சந்தையிலும் கோவில் பாதையிலும் பெட்ரோல் நிலையத்திலும் கேட்ட சொல்லை முதல் தடவையாக அதன் சொந்த வீட்டில் கேட்டேன். மாலாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"என்னங்க, படகு பின்னால போவுது?"

துறையை விட்டு எல்லாப் படகும் முதலில் பின்னால்தான் போகும், பிறகு வெளியே போய்த் திரும்பும் என்றேன்.

மாலா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நான் சொன்னது சரிதானே" என்றாள். "தண்ணிக்குப் போறவங்களுக்குப் பின்னாலதான்."

அகராதிகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவனுக்கு அதை மறுக்க ஒரு வாதம்கூடக் கிடைக்கவில்லை. படகு ஆற்று முகத்தில் ஒருமுறை தயங்கிற்று. அடியில் மணல் உரசியிருக்கலாம். பிறகு கடந்துவிட்டது. அது கண்ணுக்கு மறையும்வரை மாலா கையை ஆட்டவில்லை. மறைந்த பிறகு ஆட்டினாள்.

7

வாடைக்காற்றுக் காலத்தில் அந்தத் தீவுகளுக்குப் படகு போவதில்லை. கடல் அவ்வளவு மோசமாக இருக்கும். நித்யா சில வாரம் வீட்டில் வந்து இருந்தாள். நிறம் கறுத்திருந்தது, தோள் அகன்றிருந்தது. மீன்களின் பெயர்களை மலாயில் சொன்னாள், எனக்கு எதுவும் தெரியவில்லை. வீட்டில் என்ன கேட்டாலும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினாள். தண்ணீருக்கடியில் 'எல்லாம் சரி' என்பதற்கு அப்படியாம். மாலா பதிலுக்கு ஒரு சைகை காட்டினாள். சாப்பிட வா என்பதற்கு எங்கள் வீட்டில் அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் கோவிலுக்குப் போனோம். சந்நிதிக்கு நேரே ஒரு கார் பூசைக்கு நின்றது. முன்னால் பாதை திறந்து கிடந்தது. வாழையும் இல்லை, தோரணமும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு இளைஞன். கடல் கடந்து கூச்சிங்கில் வேலை கிடைத்துப் போகிறானாம், காரும் கப்பலில் போகிறதாம். அவன் அம்மா குருக்களுக்குப் பக்கத்தில் நின்று பழங்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அறிமுகமில்லாதவர்.

குருக்கள் பழங்களைச் சக்கரங்களுக்குப் பின்பக்கம் வைத்தார்.

இளைஞன் தலையை வெளியே நீட்டினான். "ஏன் சாமி பின்னால? வழிதான் இருக்கே."

குருக்கள் சொல்லுமுன் அந்த அம்மா சொன்னார்: "சும்மா இருய்யா. வெளியூர் போற பிள்ளை திரும்பி வரணும்னா பின்னாலதான் வைக்கணும். அந்தக் காலத்து எஸ்டேட்டு வழக்கம்."

ஒரு வழக்கத்தின் பிறப்பை நேரில் பார்த்த சாட்சி நான். அதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை. 'தண்ணீர்' உதிர்ந்துவிட்டிருந்தது. 'திரும்பி வருவது' எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாலா அன்று சொல்லவில்லை. சொன்னதாக யாராவது எழுதினால் நான் மறுப்பு வெளியிடத் தயார்.

நித்யா அம்மாவைப் பார்த்தாள். மாலா அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, இடது பின்சக்கரத்துப் பழம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் உருண்டுவிடும் என்று திருத்தம் சொன்னாள். இருவரும் குனிந்து வைத்தார்கள். கார் பின்னால் போய், பழங்களை நசுக்கி, நின்று, பிறகு திறந்து கிடந்த பாதையில் முன்னால் போயிற்று. இரண்டு பெண்களும் அது மண்டபத்தைச் சுற்றி மறையும் வரை பார்த்து நின்றார்கள்.

வீடு திரும்பும்போது நித்யாதான் ஓட்டினாள். நெடுஞ்சாலைக்கு ஏறும் திருப்பத்தில் கேட்டாள்:

"அம்மா, அன்னிக்கு நீங்க அதுக்குத்தான் வச்சீங்களா? நான் திரும்பி வரணும்னு?"

மாலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காடி எடுக்க வழி இல்ல, வச்சேன்" என்றாள். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."